நான்கு நாற்காலிகளுக்கு ஒரு கூடம்

ஜூன் 9, திங்கட்கிழமை. காலை 10.20: கும்மிடிப்பூண்டியில் உள்ள என் அக்காவின் வீட்டுக்கு, உட்புற அலங்கார நிறுவனம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும் வந்தனர். 10.35: கூடமும் சமையலறையும் அளக்கப்பட்டன. 11.00: சுவர் அலமாரியை இடிக்கலாமா என்று கேட்கப்பட்டது, பதில் அளிக்கப்படவில்லை. 11.15: புதிய கூடத்தின் படம் காட்டப்பட்டது. 11.30: இருவரும் சென்றனர். வீட்டின் உரிமையாளரான அக்கா மார்ச் 3 அன்று காலமானார். வீட்டைப் புதுப்பித்து, சிப்காட் தொழிற்பேட்டைக்கு மாற்றலாகி வரும் அதிகாரி எவருக்கேனும் வாடகைக்கு விடுவது என்பது வெளிநாட்டில் இருக்கும் அவர் மகனின் முடிவு. மேற்பார்வை என்னுடையது.

பதிவில் சேர்க்காத உரையாடல் ஒன்று உண்டு. அந்தப் படத்தில், ஐம்பது ஆண்டுகளாக நான் காப்பி குடித்த கூடம் நட்சத்திர விடுதி ஒன்றின் வரவேற்பறையாக மாறியிருந்தது.

"இங்கேர்ந்து பாத்தா செம லுக்கா இருக்கும் அங்கிள்," என்றார் இளைஞர்.

எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் யாரு அங்கிள் பாக்கப் போறாங்க?"

எனக்குப் பத்து வயதானபோது என் தாய்மாமன் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். அவர் சென்னையில் சினிமா ஸ்டுடியோக்களில் செட் போடுபவர். அரசவை, ஜமீன்தார் மாளிகை, காஷ்மீர் எதுவானாலும் பலகையிலும் சாக்குத் துணியிலும் நான்கு நாட்களில் எழுப்பிவிடுவார். என் அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. திருவள்ளூரிலிருந்து ஒரு வசதியான குடும்பம் அவளைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. கவரைப்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டின் கூடத்தில் பாதிச் சுவர்களுக்குப் பூச்சே இல்லை. அம்மா தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதினாள். அவர் மூன்று பெட்டி வண்ணங்களோடும் ஒரு கட்டுப் பலகையோடும் ரயிலில் வந்து இறங்கினார். அன்று தொடங்கிய தொல்லை பதினோரு நாட்கள் நீடித்தது.

அவர் வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. பெயர் என்ன, படிப்பு என்ன என்று மாப்பிள்ளையைப் பற்றியும் விசாரிக்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு என் தந்தையிடம் ஒன்றுதான் கேட்டார்.

"வரவங்க எங்க குந்துவாங்க மாப்ள? அத்த மட்டும் சொல்லு."

எங்கள் வீடு கிழக்கு வாசல். உள்ளே நுழைபவர் கண்ணில் முதலில் படுவது மேற்குச் சுவர். எனவே வாசலை ஒட்டி, மேற்குப் பார்த்து நான்கு நாற்காலிகள் என்று மாமா முடிவு செய்தார். அந்த நான்கு நாற்காலிகளிலிருந்து தெரிவது மட்டுமே வீடு. மற்றதெல்லாம் கேமராவுக்குப் பின்னால் இருப்பது. வீட்டில் இருந்த அத்தனையும், நெல் மூட்டை, ஏணி, கிழிந்த பாய்கள், ஓட்டை அண்டா, என் பள்ளிக்கூடப் பை உட்பட, வாசலுக்கு இருபுறமும் கிழக்குச் சுவரோரம் குவிக்கப்பட்டன.

"அண்ணே, உப்பு ஜாடி எங்கண்ணே?" என்று அம்மா கேட்பாள்.

"உப்பு ஷாட்ல வராதும்மா. அந்தாண்ட தள்ளி வெச்சிக்கிறேன்."

மூன்று நாட்கள் உப்பில்லாமல் சாப்பிட்டோம். வீட்டுப்பாட நோட்டு குவியலின் அடியில் எங்கோ போய்விட்டதால் நான் பள்ளியில் இருமுறை பெஞ்சின் மேல் நின்றேன். மாலையில் திரும்பினால் எனக்கு வேறொரு பணி காத்திருக்கும். மாமா என்னை முதல் நாற்காலியில் உட்காரவைப்பார். "நீதான் இப்ப சம்பந்தி. ஆடாம குந்து. தலைய திருப்பாத." சம்பந்தியின் கண்மட்டத்துக்கு என் தலையை உயர்த்த, கீழே இரண்டு அரிசிப் படிகளைக் கவிழ்த்து வைப்பார். நான் கூச்சலிட்டால், நிஜச் சம்பந்தி இப்படிக் கத்தமாட்டார் என்று கண்டிப்பார். எங்களை அவர் குறிப்பிட்ட சொல் 'பார்ட்டி'. பார்ட்டிக்கு ரசனை இல்லை. பார்ட்டி சுவரில் சாயக்கூடாது. பார்ட்டி நாஷ்டாவைக் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். என் தந்தை படித்தவர், பொறுமைசாலி. அந்தப் பதினோரு நாட்களில் அவர் கொல்லைப்புறத்திலேயே அதிக நேரம் இருந்தார்.

ஆனால் மேற்குச் சுவரை நான் குறைசொல்ல முடியாது. செங்கல்லின் மேல் பலகை அடித்து, தேக்கின் ரேகைகளை ஒவ்வொன்றாக வரைந்தார். நடுவில் ஒரு வளைவு வாசல். அதில் பாதி ஒதுக்கிய பட்டுத் திரை. திரைக்கு அப்பால் இன்னொரு கூடத்தின் நிழல். அனைத்தும் வண்ணம். அந்தச் சுவருக்கு அப்பால் உண்மையில் இருந்தது பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டுக்கொட்டில்.

அக்கா அந்த நாட்களில் வண்ணக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் மட்டும் கேட்டாள்: "மாமா, கல்யாணத்துக்கு அப்பறம் அவங்க ஒருக்கா இங்க வந்தாங்கன்னா?"

"அப்ப யாரு திரும்பிப் பாக்கப் போறாங்க? தாலி ஏறிட்டா அவ்ளோதான். நீ கிண்ணத்த நேரா புடி."

ஞாயிற்றுக்கிழமை காலை அம்பாசடர் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை, அவருடைய தாய், தந்தை, அக்காள் கணவர் என நால்வர். மாமா வாசலிலிருந்தே அவர்களைப் பேசிப் பேசி நடத்தி வந்து, ஒருவரும் தலையைத் திருப்பும் முன் நாற்காலிகளில் அமர்த்திவிட்டார். மாப்பிள்ளையின் தாய் வளைவு வாசலை நெடுநேரம் பார்த்தார்.

"அந்தாண்ட இன்னொரு ஹாலா?"

"ஆமாம்மா. இப்பத்திக்கு சாமான் போட்டு வெச்சிக்கிறோம்," என்றார் மாமா.

அந்த இன்னொரு ஹாலிலிருந்து மாடு ஒன்று நீளமாகக் கத்தியது. மாமா பலமாக இருமினார். என் தந்தை தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா காப்பித் தட்டோடு வந்து அவர்கள் முன் நின்றாள். மாப்பிள்ளையின் தாய் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் கணவரிடம், "பொண்ணு லட்சணமா கீது. ஊடும் சொல்லவே வேணாம். இன்னிக்கே பூ வெச்சிட்டுப் போயிடலாம்," என்றார். மடியில் இருந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். மல்லிகை மணம் புதிய வண்ணத்தின் நெடியையும் மீறி எழுந்தது. கதவோரம் நின்றிருந்த அம்மாவின் கண்கள் நிறைந்தன. பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு பின்வாங்குவது இரு தரப்புக்கும் அவமானம்.

அப்போது அக்கா, மாப்பிள்ளையின் தந்தையை நோக்கி, தாழ்ந்த குரலில் பேசினாள்.

"மாமா, நல்ல காரியம் பேசறீங்க. மேற்க பாத்து குந்திக்கினு இருக்கீங்களே. நாற்காலிய திருப்பிப் போட்டு கிழக்க பாத்து குந்துங்க."

எங்கள் பக்கத்தில் கிழக்குப் பாராமல் பூவும் வைக்கமாட்டார்கள், தாம்பூலமும் மாற்றமாட்டார்கள். ஆணி அடிப்பதற்குக்கூடத் திசை கேட்கும் அம்மாவுக்கு, பதினோரு நாட்களாக அது நினைவுக்கு வரவில்லை. ஸ்டுடியோவில் மாமாவுக்குத் திசை என்பதே கிடையாது. அங்கே விளக்கு வைத்த பக்கம் கிழக்கு.

பெரியவர் பூரித்துப் போனார். தாலி கட்டும் முன்னரே மாமா என்று அழைத்துவிட்ட மருமகள். "பாத்தியாடி, நமக்குத் தோணல. பொண்ணுக்குத் தோணுது பாரு!" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே எழுந்து, தன் நாற்காலியைத் தானே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மற்ற மூவரும் திருப்பினார்கள்.

பூச்சில்லாத செங்கல் சுவர். வாசலின் இருபுறமும் கூரை வரை மூட்டைகள், பாய்கள், அண்டா. உச்சியில் என் பள்ளிக்கூடப் பை.

மாப்பிள்ளையின் தாய்தான் முதலில் வாய் திறந்தார்.

"இதான் நீங்க சொன்ன இன்னொரு ஹாலா?"

"வேலை நடந்துக்கினு கீதும்மா… இந்தப் பக்கம் இன்னும்…" என்ற மாமாவின் வாக்கியம் முடிவடையவில்லை. மல்லிகை மீண்டும் இலைக்குள் மடிக்கப்பட்டது. ஊருக்குப் போய் லெட்டர் போடுவதாகச் சொன்னார்கள். அந்தச் சொற்களின் பொருள் எனக்கே தெரியும்.

கார் கிளம்பிய சத்தம் அடங்குவதற்குள் மாமா வெடித்தார். "தானா வந்து வுழுந்த சம்பந்தத்த ஒரே வார்த்தைல ஒடச்சிட்டியே! பதினோரு நாள் பேஜாருடி எனக்கு! இந்த மாதிரி ஒரு ஆர்ச் எந்தப் படத்துலனா பாத்துக்கிறியா நீ?" அம்மா அழுதாள். எல்லோரையும்விட எனக்கே ஆத்திரம் அதிகம். பதினோரு மாலைகள் அரிசிப் படி மீது சம்பந்தியாக உட்கார்ந்தவன் நான்.

"உனுக்கு மூளையே இல்லியா?" என்று கேட்டேன்.

"இல்லடா," என்றாள். மாப்பிள்ளையின் தாய் தொடாமல் வைத்துவிட்டுப் போன காப்பியை எடுத்து, நின்றவாறே குடித்து முடித்தாள்.

என் தந்தை அன்று சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "மச்சான், பலகைய பிரிச்சிடு. ஊடு ஊடா இருக்கட்டும்." அடுத்த ஆண்டு அவர் அக்காவைத் திருவள்ளூருக்கு அழைத்துச் சென்று ஆசிரியப் பயிற்சியில் சேர்த்தார். அதில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. முன்பே பேசி வைத்திருந்ததுபோல் நடந்தது. நான் அவளோடு ஒன்பது நாட்கள் பேசவில்லை. பத்தாம் நாள் பேசியதும், குவியலிலிருந்து என் நோட்டை அவள் எடுத்துத் தந்ததால்தான்.

முட்டாள்தனமாக ஒரு சடங்கை நினைவூட்டி அவள் தன் வாழ்வைக் கெடுத்துக்கொண்டாள் என்றே நான் பல ஆண்டுகள் நம்பினேன். அன்று கூடத்தில் இருந்தவர்களில் அந்த நாற்காலிகளுக்கு எதிரே நின்று, கிழக்குச் சுவர் முழுவதையும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான் என்பது எனக்குத் தோன்றவில்லை. அந்த மல்லிகையைச் சூடியிருந்தால், பிறந்த வீட்டைப் பற்றி யாராவது பேச்செடுக்கும்போதெல்லாம் அவள்தான் பொய் சொல்லியிருக்க வேண்டும். மாமா ஸ்டுடியோவுக்குப் போயிருப்பார், நான் பள்ளிக்குப் போயிருப்பேன். இதுவும் என் ஊகம். அந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். பாடம் நடத்துவதுதான் முதலிலிருந்தே அவள் விருப்பமாக இருந்திருக்கலாம். உண்மையாகவே திசைதான் அவள் மனத்தில் பட்டதோ என்னவோ. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், எதையும் சுற்றிவளைத்துப் பேசாதவள். கேட்பதற்கு ஐம்பத்தாறு ஆண்டுகள் இருந்தன.

செய்யாமல் நிற்பவை:

ஓய்வூதிய அலுவலகத்துக்கு இறப்புச் சான்றிதழின் நகல்.

சமையல் எரிவாயு இணைப்பை அவள் மகன் பெயருக்கு மாற்றுவது.

எதிர்வீட்டுக்காரரிடம் அவள் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியைத் திரும்பப் பெறுவது.

பேசாமல் இருந்த ஒன்பது நாட்களுக்காக அவளிடம் ஒரு வார்த்தை. இதற்கு இனித் தேதி குறிக்க இயலாது. பட்டியலில் இன்னும் கோடிட்டு அடிக்கவில்லை.