மாதிரி ஓட்டில் இடித்த கணக்கு

போன தேர்தலில் வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வேலை போட்டார்கள். நான் திருக்கோவிலூரில் ஆசிரியை. பொம்பளைக்கு எதுக்கு மலை டியூட்டி என்று கூட வேலை செய்பவர்கள் உச்சுக்கொட்டினார்கள். யார் பரிதாபமும் எனக்குப் பிடிக்காது. ஜீப் ஏறிவிட்டேன்.

காலையில் வாக்குப்பதிவுக்கு முன்னால், மெஷின் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க, கட்சி ஏஜெண்டுகளை வைத்து மாதிரி ஓட்டு நடத்த வேண்டும். எல்லாச் சின்னத்திலும் ஓட்டு விழவேண்டுமே, அதனால் யார் எதை அழுத்துவது என்று பிரித்துக் கொடுத்தேன். ஒவ்வொருவராக மறைப்புக்குள் போய் அழுத்திவிட்டு வந்தார்கள். முடிவைப் பார்த்தால் கணக்கு இடித்தது. ஒரு சின்னத்தில் ஒன்று கூடுதல், இன்னொன்றில் ஒன்று குறைச்சல்.

குறைந்த கட்சியின் ஏஜெண்ட், மெஷினில் கோல்மால் என்று ஆரம்பித்தார். பேச்சு வாசலில் நின்ற வரிசைக்கும் போய்விட்டது. மேலதிகாரிக்குப் போன் போட்டேன். மாதிரி ஓட்டுதானே, சரியாக இருந்ததாக எழுதிவிட்டு நேரத்துக்கு ஆரம்பியுங்கள் என்று எரிந்து விழுந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இடிக்கிற கணக்கைச் சரி என்று எழுத மாட்டேன், என்மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வெளியே போய், மறுபடி சோதிக்கணும், லேட்டாகும் என்று உள்ளதைச் சொன்னேன். கூலி வேலையை விட்டுவிட்டு மலைப்பாதையில் நடந்து வந்திருந்த ஒரு அம்மாதான் பதில் சொன்னார்.

"நாங்க நின்னுக்கினு இருக்கோம். நீங்க ஒழுங்கா பாத்துட்டே வுடுங்க."

இந்த முறை மறைப்பை எடுத்துவிட்டு, எல்லார் கண்ணெதிரிலும் அழுத்தச் சொன்னேன். ஒரு நடுத்தர வயது ஏஜெண்ட் மட்டும் முறை வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு நான் கொடுத்திருந்தது எதிர்க்கட்சிச் சின்னம்.

"மின்னாடி மாத்தி அழுத்துனது நான்தாங்க. வெவரம் தெரிஞ்ச நாளா ஒரே சின்னந்தான். பொய்க்குக்கூட அதுல கை வெக்க வரல."

திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கோல்மால் என்று கத்தினவரையே கூப்பிட்டு அந்தப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். கணக்கு கச்சிதமாக ஒத்துப்போனது. மாதிரி ஓட்டுகளை அழித்து, சீல் வைத்து, கதவைத் திறந்தேன். வரிசையில் ஒருவர்கூடத் திரும்பிப் போயிருக்கவில்லை.

பிறகு, தாமதத்துக்கு விளக்கம் கேட்டார்கள். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன், வருத்தம் என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. பொய் ஓட்டுக்கே கை வராத மனுஷன் இருக்கிற இடத்தில், பொய்க் கணக்கு எழுத என் கை மட்டும் எப்படி வரும்?