அரிசிக்கு நான் சைபர் போடவில்லை

பெயில் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "முன்னேற்றம் தேவை" என்று போட்டிருந்தார்கள். டீச்சர் தன் போனைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்தவள், என் பெயர் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். துக்க வீட்டில் பேசுகிற குரல். சொத்தைக் கடலையைக் கடித்துவிட்ட மாதிரி எனக்கு வாயெல்லாம் கசந்தது. பெயிலைப் பெயில் என்று சொல்லக் கூசுகிறவர்கள் எதற்குப் பரீட்சை வைக்கிறார்கள்?

எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்கு என்று பாளையம்பட்டியில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. தெருக்கோடி வீட்டு மருமகள்தான் டீச்சர். காலேஜ் படித்தவள், பேரன் பேத்தி எடுக்கும் வயதை நெருங்கியவள், சம்பளம் இல்லாமல் வந்து சொல்லிக்கொடுக்கிறாள். கடைசியில் ஒரு பரீட்சை. எல்லா ஊரிலும் ஒரே நாளில், ஒரே மாதிரியான தாள்.

நான் ஒன்றுமே தெரியாமல் போனவள் இல்லை. எங்கள் பலசரக்குக் கடையில் மூட்டை மேல் எழுதியிருப்பதைப் பார்த்து உளுந்து எது, துவரை எது என்று சொல்லிவிடுவேன். ஆனால் அது எழுத்தின் சாடையை வைத்துச் சொல்வது. ஆளைத் தூரத்தில் பார்த்தே நடையை வைத்து இன்னார் என்று சொல்கிறோமே, அப்படி. வாசிப்பு என்று அதைச் சொல்லிக்கொள்ள எனக்கே வெட்கம். அருப்புக்கோட்டையில் ஒரு நாள் பேங்குக்குப் போனபோது, அங்கே இருந்தவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கிக் காகிதத்தில் உருட்டினார். சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டுகிற மாதிரி. விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் அந்தப் பிடி போகவில்லை. அடுத்த வாரமே வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததோடு நிற்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "பரீட்சை எழுதப் போறேன், பாஸ் பண்ணி எல்லாருக்கும் மிட்டாய் குடுப்பேன்" என்று சொல்லி வைத்தேன். அதுதான் இப்போது மானத்தை வாங்குகிறது.

பரீட்சை நடந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாலே குமட்டுகிறது. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு. முழங்கால் இடிக்கிறது. பெஞ்சுக்கு அடியில் கையை வைத்தால் யாரோ ஒட்டி வைத்த சூயிங்கம். பக்கத்து அறையிலிருந்து பழைய சாம்பார் வாடை. நடுவில் ஆடை படிந்த டீயை வேறு கொண்டுவந்து வைத்தார்கள். முன் பெஞ்சுக்காரி வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டே எழுதினாள். தாளில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு மேலே எழுதினாள். அவளும் பாஸ்.

வாசிப்பது முடிந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன், நிதானமாகத்தான். அடுத்து கணக்கு. கூட்டல் எல்லாம் சரியாகப் போட்டேன். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. ஒரு பானையில் ஐந்து படி அரிசி இருந்தது, ஐந்து படியும் சமைத்தாகிவிட்டது, மீதி எவ்வளவு?

எனக்குத் தெரியாமல் இல்லை. கை போகவில்லை. எங்கள் வீட்டில் அரிசிப் பானையை வழித்தெடுக்கிற வழக்கம் கிடையாது. அடியில் ஒரு பிடியாவது கிடக்கும். "அரிசி இல்லை" என்ற பேச்சும் கிடையாது. தீர்ந்துபோனால் "நிறைஞ்சு போச்சு" என்று சொல்வோம். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தடவை வாய் தவறி இல்லை என்று சொன்னதற்கு என் மாமியார் அகப்பைக் காம்பால் போட்டார். கடையிலும் அப்படித்தான். பச்சைப்பயறு கேட்டு வந்தால், இல்லாவிட்டாலும் நாளைக்கு வரும் என்றுதான் என் வீட்டுக்காரர் சொல்வார். ஆயுசு முழுக்க வாயால் சொல்லாததைக் கையால் எழுது என்றால்?

முதலில் ஒன்று என்று போட்டேன். அழித்தேன். தாள் லேசாகக் கிழிந்தது. பென்சிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் தம்பி பெண்சாதி. அவள் என் பக்கம் சாய்ந்து, "அக்கா, முட்டையைப் போடுங்க. பெரிய முட்டையாப் போட்டுட்டு வாங்க" என்று கிசுகிசுத்தாள்.

"ஒம் பேப்பரைப் பாருடி" என்றேன்.

அவளும் அதே மாமியாரிடம் வாழ்ந்தவள்தான். அதே அகப்பைக் காம்பு அவளுக்கும் பழக்கம். கோழி இட்ட மாதிரி சர்வசாதாரணமாக முட்டையைப் போட்டுவிட்டு அவள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். எனக்குள் எரிந்துகொண்டே இருந்தது. மணி அடித்தபோது, குடும்பத்தைப் பற்றிச் சில வரிகள் எழுதச் சொல்லியிருந்த கடைசிப் பக்கம் முழுக்க வெள்ளையாகவே இருந்தது.

முடிவு தெரிந்த அன்று வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"என்னத்தா, மிட்டாய்க்கு ஆர்டர் குடுத்துறவா?"

"வாயை மூடிக்கிட்டு இருங்க."

"கடைக்கு வாரவுக எல்லாம் கேக்குறாக. என்ன சொல்ல?"

"நாளைக்கு வரும்னு சொல்லுங்க. அதான் ஒங்களுக்கு நல்லா வருமே."

அவர் சிரித்தார். மதுரையிலிருந்து போனில் பேசிய மகன் அதைவிட மோசம். "விடும்மா, இனிமே நீ என்ன கலெக்டர் ஆகப் போறியா?" என்றான். ஆறுதலாம். எச்சில் தட்டைத் துடைத்து நீட்டின மாதிரி இருந்தது எனக்கு. அவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் போனபோது நான் அப்படியா சொன்னேன்? திரும்ப எழுது என்றுதானே அனுப்பினேன்?

மறுநாள் காலையில் ஓரகத்தி கையில் சொம்போடு வந்து நின்றாள். அவள் வீட்டுக்குத் திருச்சுழியிலிருந்து விருந்தாட்கள் சொல்லாமல் வந்துவிட்டார்களாம்.

"அக்கா, வீட்ல அரிசி நிறைஞ்சு போச்சு. ஒரு சொம்பு குடுங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "ஏண்டி, பரீட்சைக்கு முட்டை, எங்கிட்ட வந்து நிறைஞ்சு போச்சா? அன்னைக்குப் போட்ட முட்டையைக் கொண்டுபோய் விருந்தாளுக்கு அவிச்சுப் போடு."

அவள் கொஞ்சங்கூட அசரவில்லை. "அது வெறும் பேப்பர், அக்கா. பேப்பர்ல இருக்கிறது எந்த வீட்டுப் பானை? பானையும் இல்ல, அரிசியும் இல்ல. அதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீகளே. கடைசிப் பக்கத்தை யாரு எழுதுவா?"

அரிசியைப் போட்டு அனுப்பினேன். அவள் சொன்னதில் கடைசிப் பேச்சு மட்டும் என்னைக் குத்தியது. குடும்பத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியும். வீட்டில் பல தடவை எழுதிப் பார்த்ததுதான். அந்தப் பக்கத்தை எழுதியிருந்தால் பாஸாகியிருப்பேன் என்று முடிவு சொன்ன அன்றே டீச்சரும் சொன்னாள். ஒரு பானையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்து தெரிந்ததையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மற்றவர்கள் மேல் இருந்த அருவருப்பெல்லாம் அன்று சாயங்காலம் வரைக்கும் என் மேலேயே திரும்பிக் கிடந்தது.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கே போனேன். மறுபடி எழுதலாமா என்று கேட்டேன்.

"தாராளமா எழுதலாம் பெரியம்மா. அடுத்த தடவை வைக்கும்போது எழுதுங்க. ஆனா கழித்தல் கணக்கு வரத்தான் செய்யும். ஆட்டை வச்சு வரும். அஞ்சு ஆடு இருந்துச்சு, அஞ்சையும் வித்தாச்சுன்னா, சைபர் போடுவீகளா?"

"ஆட்டுக்குப் போடுவேன்."

"ரூபாய்க்கு?"

கொஞ்சம் யோசித்தேன். "யாரு ரூபா?"

"யாரோ ஒருத்தர் ரூபா."

"அப்ப போடுவேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அரிசியே திரும்ப வந்தா?" என்றாள்.

"அதைத் தொடமாட்டேன். தாண்டி அடுத்த கேள்விக்குப் போயிருவேன். அந்த மார்க்கு எனக்கு வேண்டாம். மத்ததுல எடுத்துக்கிறேன்."

"அவ்வளவுதான் பெரியம்மா. தெரியாததைத் தாண்டிப் போயிரணும்."

"தெரியாததுன்னு யாரு சொன்னா? சைபர் எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பெயரைக் கொடுத்தேன்.

இப்போது தினமும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் எழுதிப் பழகுகிறேன். கை இன்னும் மெதுவாகத்தான் போகிறது. புழுக்கத்தில் விரல் வேர்த்துப் பென்சில் வழுக்குகிறது. ஓரகத்தியும் வகுப்புக்கு வந்து பக்கத்தில் உட்காருகிறாள். பாஸானவளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டால், "ஒங்களுக்குத் துணைக்குத்தான்க்கா" என்கிறாள். அந்த இரக்கம் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. நகர்ந்து உட்கார் என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதும்போது அவளையும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது. எழுதுகிறேன், சின்ன எழுத்தில்.