இடமில்லை என்று நான் வெட்டிய ஊர்

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் என் பக்கத்து அறையில் ஒரு பாலஸ்தீன மாணவன் இருந்தான். ஜோர்டானில் அகதி முகாமில் பிறந்து, உதவித்தொகையில் படிக்க வந்தவன். எங்களிடம் தமிழ் பழகி, எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'வே' போடுவான். நாங்கள் சிரிப்போம், அவனும் சிரிப்பான். லீவுக்கு எல்லோரும் ஊருக்குப் பெட்டி கட்டும்போது மட்டும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான்.

அந்த வருடம் விடுதி மலருக்கு நான்தான் ஆசிரியர். அவன் அப்பா அரபியில் எழுதிய கவிதை ஒன்றை அவன் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் எழுதினேன். அவர் சிறுவனாக இருந்தபோது, போரில் குடும்பத்தோடு விட்டு ஓடிவந்த கிராமத்தைப் பற்றிய கவிதை. கடைசி நான்கு வரிகளில் அந்த ஊரின் பெயர், கிணற்றின் பெயர், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்கள். அதோடு முடிந்துவிடும். எனக்குச் சப்பென்று இருந்தது.

பேட்டையில் அச்சகம் வைத்திருந்த அண்ணாச்சி, "மூணு வரி கூடுதலா நிக்கி வே. எதையாவது வெட்டித் தாரும்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. அந்த நான்கு வரிகளை அடித்துவிட்டு, நாளை விடியும் என்று என் சொந்தச் சரக்கில் ஒரு வரி போட்டேன். நம்பிக்கையாக முடியட்டுமே என்று.

மலர் வந்ததும் அப்பாவுக்கு அனுப்ப இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் பெருமையாக வாசித்தேன். முடித்த பிறகும் காத்துக்கொண்டே இருந்தான்.

"எங்க ஊரு எங்க வே?"

"இடம் பத்தலை" என்றேன்.

ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான். அந்த ஊரை இடித்துவிட்டார்கள், வரைபடத்தில்கூட இல்லை, அவனும் பார்த்ததில்லை. பிள்ளைகள் பெயரையாவது மறக்கக்கூடாது என்றுதான் அப்பா அதை எழுதினார். விடியும் என்று அவர் எங்கும் எழுதவில்லை, அந்தப் பெயர்களைச் சொல்வதுதான் அவருடைய நம்பிக்கை. சொல்லிவிட்டு இரண்டு பிரதிகளையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் அச்சகத்துக்கு ஓடினேன். நான் கைப்பட எழுதிய தாளைக் கேட்டேன். "அதெல்லாம் அன்னைக்கே கழிவுத்தாளோட போயிட்டு வே" என்றார் அண்ணாச்சி.

அவனிடமே போய்க் கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை. அவன் சாப்பிட வரும் நேரம் பார்த்து ஒதுங்கினேன். பரீட்சை முடிந்ததும், லீவு கழிந்து கேட்டுக்கொள்ளலாம் என்று எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவன் அறை காலியாக இருந்தது. அப்பாவுக்கு உடம்பு மோசம் என்று தகவல் வந்து அவசரமாகக் கிளம்பினானாம். விடுதி அலுவலகத்தில் இருந்த முகவரிக்கு இரண்டு கடிதம் போட்டேன். ஒன்று திரும்பி வந்தது. இன்னொன்றுக்குப் பதில் இல்லை.

அந்த ஊரின் பெயரை என் கையால் எழுதியவன் நான். அது எந்த எழுத்தில் தொடங்கும் என்பதுகூட இன்று நினைவில்லை. தொலைக்காட்சியில் அந்தப் பக்கத்துச் செய்தி வரும்போதெல்லாம், காதில் விழுந்தால் தெரிந்துவிடும் என்று ஊர்ப் பெயர்களை உன்னிப்பாகக் கேட்கிறேன், அது எந்தச் செய்தியிலும் வர முடியாத ஊர் என்று தெரிந்தும்.