டெக்சாஸில் ஒரு தட்டு வெண்டைக்காய்

எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்த இரண்டாம் வருஷம், என் ஐந்து மாதக் கரு கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பயந்துபோன என் கணவர் லீவு போட்டு, டெக்சாஸில் இருந்த நண்பர் வீட்டுக்கு அழைத்துப்போனார். அங்கிருந்து காரில் கிராமப்பக்கமாகச் சுற்றினோம்.

ஒரு மதியம், சின்ன ஊர் ஒன்றில் ரெஸ்டாரண்ட் வாசலில் காரை நிறுத்தினார்.

"இங்கெல்லாம் மாட்டுக்கறிதான் இருக்கும். நமக்கு என்ன கிடைக்கும்? எனக்குப் பசியும் இல்ல," என்றேன்.

"சும்மா வந்து உக்காரும்மா. கேட்டு டிரை பண்ணலாம்."

ஆர்டர் எடுக்க வந்த பெண்மணியிடம், நாங்கள் சைவம் என்று விளக்கினார். அந்தப் பெண்மணி என் முகத்தையே ஒரு கணம் பார்த்தார்.

"பயறுல பன்றிக்கறி போட்டிருக்கு கண்ணு, அது வேண்டாம். புது எண்ணெய்ல வேற ஒண்ணு பொரிச்சுத் தரச் சொல்றேன்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வந்த தட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சோளமாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய்!

"ஏங்க, வெண்டைக்காய்ங்க!"

மொறுமொறுவென்று இருந்தது. தட்டு காலியானதே தெரியவில்லை. "இன்னொரு பிளேட் கேளுங்களேன்," என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. இத்தனை வாரமாக அவரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நானே கையை உயர்த்தி அந்தப் பெண்மணியை அழைத்து, இரண்டு பிளேட் கேட்டேன்.

துக்கம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அன்று அவர் சாப்பிடுவதைப் பார்த்தபோது, நாங்கள் பிழைத்துக்கொள்வோம் என்று தோன்றியது.