மூன்று நாள் தள்ளிப் பிறந்த பெண்

உங்கள் பிள்ளை உங்கள் பிள்ளைதான் என்பதை, உங்கள் வாயையும் பிள்ளையின் வாயையும் நம்பமாட்டோம் என்று சொல்லிவிட்டால், வேறு யாரைக் கொண்டு நிரூபிப்பீர்கள்? சிரிக்காதீர்கள். காஜா பேராங் கலியாணசுந்தரமும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்.

கலியாணசுந்தரம் மலாக்கா நகரசபையில் தண்ணீர் மீட்டர் படிக்கிறவர். பத்தொன்பது வயதில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தார். இருபத்தெட்டு வருஷமாகக் காஜா பேராங்கிலிருந்து தெங்கேரா கடலோரம் வரைக்கும் வீடு வீடாகக் குனிந்து, மீட்டர் மூடியைத் திறந்து, எண்ணைப் பார்த்து எழுதி வருகிறார். ஒருமுறை பார்த்ததோடு விடமாட்டார். எழுதிவிட்டு இன்னொரு முறை குனிவார். "என்ன கலியாணம், மீட்டர் என்ன சாமி செலையா, ரெண்டு தரம் கும்புடுறீங்க?" என்று ஜாலான் துக்காங் எமாஸ் தெருவின் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் எழுதிய எண்ணை மேலதிகாரி ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரின் வாழ்க்கையில் ஒரே ஓர் எண் தப்பாகப் போயிற்று. அதுவும் அவருக்குத் தெரிந்தே போயிற்று.

1946 அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை காலை. காஜா பேராங்கில் அவர் குடியிருந்த வாடகை வீட்டில் மனைவி சிவகாமசுந்தரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்தவள் அடுத்த சந்துப் பொன்னம்மா, மலாக்கா செட்டி சமூகத்து மருத்துவச்சி. பெயர்தான் தமிழ், வாயைத் திறந்தால் மலாய். பிறப்பைப் பதினான்கு நாளுக்குள் பதியவேண்டும் என்பது சட்டம். பதினாறாம் நாள்தான் பெயர் வைக்கவேண்டும் என்பது வீட்டு வழக்கம். இரண்டையும் மதித்தார் கலியாணசுந்தரம். பன்னிரண்டாம் நாள் போய்ப் பிறப்பைப் பதிந்தார். பெயர் எழுதும் கட்டத்தில் எழுத்தர் ஒரு கோடு இழுத்துவிட்டு, பெயர் வைத்தபிறகு வந்து எழுதிக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார். பதினாறாம் நாள் சந்திரமதி என்று பெயர் வைத்தார்கள். தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பதிவு அலுவலகத்துக்கு மட்டும் யாரும் போகவில்லை. அந்தக் கோடு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அடுத்த மாதம் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே வடகரம்பையிலிருந்து மாமனார் கடிதம் எழுதினார். பிள்ளை பிறந்தது மூல நட்சத்திரமாம். மூல நட்சத்திரத்துப் பெண் வாழப்போகும் வீட்டில் அவளுடைய மாமனார் உயிரோடு இருக்கமாட்டாராம். ஆகவே பிற்காலத்தில் வரன் அமையாதாம். ஊர்ச் சோதிடர் பெரிய மனசு பண்ணி, மூன்று நாள் தள்ளி நவம்பர் முதல் தேதியில், திருவோணத்தில் ஜாதகம் எழுதித் தருவதாகச் சொல்கிறாராம். மாப்பிள்ளைக்குச் சம்மதமா?

எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் எரிந்துகொண்டிருக்கும் நட்சத்திரம், வடகரம்பைச் சோதிடரின் பென்சில் முனைக்குப் பயந்து மூன்று நாள் ஒதுங்கி நின்றதாம்! ஒதுக்கிவிட முடிகிற நட்சத்திரத்துக்கு எதற்குப் பயம்? பயப்படவேண்டிய நட்சத்திரம் என்றால் அதை ஒதுக்குவது எப்படி? மாமனார் இதைக் கேட்கவில்லை. மீட்டரை இரண்டு தரம் குனிந்து பார்க்கிற மருமகனும் கேட்கவில்லை. "தங்கள் இஷ்டப்படி செய்யவும்" என்று ஒரே வரி எழுதித் தபாலில் போட்டார்.

1947 ஜூலையில் சிவகாமசுந்தரி குழந்தையோடு ஊருக்குப் போனாள். ஆறு மாதம் இருந்துவிட்டு வருவதாகத்தான் பேச்சு. இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று அது பன்னிரண்டு வருஷமாயிற்று. இடையில் மூன்று தடவை அவர் போய்ப் பார்த்தார். 1958-இல் இங்கே ஊரே வரிசையில் நின்று குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்த நேரத்தில், நோயாளி மனைவிக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டு அவர் வடகரம்பையில் இருந்தார், எழுதிக்கொடுக்கவில்லை. மறுவருஷம் அவள் போய்விட்டாள். பதின்மூன்று வயதுப் பெண்ணைத் தகப்பன் அழைத்துக்கொண்டு வந்தார்.

வருவதற்குப் பாஸ்போர்ட் வேண்டுமே? பாஸ்போர்ட்டுக்குப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஜாதகத்தைப் பார்த்துத்தான் தேதி எழுதியிருந்தார்கள். வடகரம்பைப் பள்ளியில் சேருகிற பிள்ளை வடகரம்பையில்தானே பிறந்திருக்கும் என்று தலைமை ஆசிரியர் ஊரையும் தாமே எழுதிக்கொண்டார். ஆகப் பாஸ்போர்ட்டில் சந்திரமதி 1946 நவம்பர் முதல் தேதி இந்தியாவில் பிறந்தவள். பினாங்குத் துறைமுகத்தில் அதிகாரி அதைப் பார்த்தார். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளை, தகப்பன் இங்கே இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே வரமுடியாதபடி சட்டம் இறுகியிருந்த நேரம் அது. படிக்க வந்தவள் என்று எழுதி, ஒரு வருஷத்துக்கு மாணவர் பாஸ் குத்திக் கொடுத்தார். 'பெட்டியில் பிறப்புப் பத்திரம் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைத்தபடி கலியாணசுந்தரம் பெண்ணை ரயிலேற்றினார்.

பாஸைப் புதுப்பிப்பதற்கு என்னென்ன வேண்டும் என்பது இரண்டே வருஷத்தில் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. படிக்கிறாள் என்று பள்ளிக்கூடத்துக் கடிதம், தகப்பன் கொடுக்கும் ஜாமீன், இரண்டு புகைப்படம், பாஸ்போர்ட். 1961 ஜனவரியில் சிரமமில்லாமல் புதுப்பித்தார்கள். அந்த வருஷக் கடைசியில்தான் இடி விழுந்தது. ஊரில் ஏழாவது படித்தவளை, ஆங்கிலமும் மலாயும் தெரியாது என்று இங்கே ஐந்தாவதில் உட்கார வைத்திருந்தார்கள். ஆறாவது முடிந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பரீட்சை எழுதினாள். தேறவில்லை. தேறாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைக்குக் கடிதம் இல்லை. கடிதம் இல்லையென்றால் பாஸ் இல்லை. 1962 ஜனவரி 31-க்குப் பிறகு சந்திரமதி இந்த நாட்டில் இருக்கக்கூடாது.

அப்போதுதான் பெட்டியைத் திறந்தார்.

குடிநுழைவு அலுவலகத்தில் முன்மேசை எழுத்தர் நடராஜன், இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞன். பிறப்புப் பத்திரத்தையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"அண்ணே, மலாக்காவுல பொறந்த பிள்ளைனா இந்தப் பாஸே தேவயில்ல. ஆனா இந்தப் பொறப்பு சூரத்துல பேரே காணோமே?"

"பதினாறாம் நாள்தானே தம்பி பேர் வெப்போம்."

"சரி, தேதிய வெச்சுப் பாக்கலாம்னா இதுல இருபத்தொம்பது, அதுல ஒண்ணு. ஊரும் வேற. உள்ள இருக்கற ஆபீசர் துவான் என்ன கேப்பாரு தெரியுமா? இது வேற பிள்ளம்பாரு."

கலியாணசுந்தரம் சிரித்தார். "மூணு நாள் வித்தியாசத்துல எந்தப் பொம்பளயாவது ரெண்டு பிள்ள பெத்துக்குவாளா?"

நடராஜன் சிரிக்கவில்லை.

உள்ளே இருந்த அதிகாரி கடுமையானவர் இல்லை. உட்காரச் சொன்னார். மலாயில் நிதானமாகப் பேசினார். 1946-இல் உங்களுக்கு ஒரு பெண் பிறந்தது, சரி. அது கைக்குழந்தையாக இந்தியா போனது, அதுவும் சரி. அந்தக் குழந்தை அங்கே இறந்துபோயிருந்தால்? அண்ணன் மகளையோ தங்கை மகளையோ அதே பத்திரத்தில் அழைத்து வருகிறவர்கள் இல்லையா? போன வாரம்கூட ஒருவர் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நீங்கள் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அப்படி இல்லை என்று காகிதம் சொல்லவேண்டும்.

மறுநாள் பொன்னம்மாவை அழைத்துக்கொண்டு போனார். அறுபது வயதைத் தாண்டியவள் கெபாயாச் சட்டை உடுத்தி, கொண்டையில் ஊசி குத்தி, கல்யாணத்துக்குப் போவதுபோல வந்தாள். அதிகாரியின் முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள். "இனி தாங்ஙான், துவான்!" இந்தக் கைகளில்தான் விழுந்தாள் என்று அழுத்திச் சொன்னாள். அதிகாரி அவளுக்கு மரியாதையாகத் தலையசைத்தார். இந்தப் பெண்தான் அந்தக் குழந்தை என்று எப்படித் தெரியும், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது, என்றாள் பொன்னம்மா. பிறகு அருகில் நின்ற சந்திரமதியின் மோவாயைப் பிடித்து அதிகாரியின் பக்கம் திருப்பி, கண்ணைப் பாருங்கள், தாயின் கண் அப்படியே இருக்கிறது என்றாள். கண்ணை எழுதிக்கொள்ள அவரிடம் கட்டம் இல்லை.

ஆனாலும் அவர் இரண்டு வழி சொன்னார். இந்தியப் பள்ளிக்கூடத்தில் தேதியையும் ஊரையும் திருத்தி வாங்கி வாருங்கள். இல்லையென்றால் இந்தக் குழந்தையை இங்கேயும் பார்த்து, அங்கே வளர்ந்த பிறகும் பார்த்த யாராவது ஒருவர், உங்களுக்குச் சொந்தமில்லாதவர், வந்து சத்தியம் செய்யட்டும். மார்ச் 31 வரைக்கும் தற்காலிகமாக இருக்க அனுமதிக்கிறேன். அதற்குமேல் என் கையில் இல்லை.

அன்றைக்கே வடகரம்பைத் தலைமை ஆசிரியருக்கு விமானத் தபால் போயிற்று. பதில் ஒழுங்காக வந்தது. திருத்தலாம், தடையில்லை, ஆதாரமாகக் குழந்தையின் அசல் ஜாதகத்தைக் கொண்டுவந்து காட்டவும். ஜாதகம்! அதுதானே நவம்பர் ஒன்று என்று சொல்கிறது! பொய்யைத் திருத்த அந்தப் பொய்யையே சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கலியாணசுந்தரம் தம் மைத்துனர் சுப்பையனுக்கு எழுதினார். மாமனார் காலமான பிறகு வீட்டுக்கு அவர்தான் பெரியவர். நீங்கள் பள்ளிக்குப் போய், சோதிடரை வைத்துத் தேதியை மாற்றினோம் என்று உண்மையைச் சொல்லி எழுதிக்கொடுங்கள். 'தங்கள் இஷ்டப்படி' என்று நான் எழுதிய கடிதம் பரணில் இருந்தால் அதையும் காட்டுங்கள், என்று கெஞ்சியிருந்தார்.

சுப்பையனின் பதிலைச் சந்திரமதிதான் உரக்கப் படித்தாள். மச்சானுக்கு நமஸ்காரம். தாங்கள் கேட்பது நடக்கிற காரியமில்லை. மூலம் என்று நம் கையாலேயே எழுதிக் கொடுத்தால் நாளைக்குப் பெண்ணை யார் கட்டுவான்? இந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் ஜாதகம் மாற்றியிருப்பார்கள் என்று ஊர் பேசினால், என் மகளுக்கு நிச்சயம் செய்திருக்கிற இடமும் கைவிட்டுப் போகும். சந்திரமதியை அனுப்பிவிடுங்கள். என் பிள்ளைகளோடு ஒரு பிள்ளையாக இருந்துவிட்டுப் போகட்டும். திருவோணத்து ஜாதகம் பத்திரமாக இருக்கிறது. தை மாதம் பார்த்து முடித்துவிடலாம்.

படித்து முடித்துக் கடிதத்தை நாலாக மடித்தாள்.

"அப்பா, நான் கட்டிக்கப் போறவனையே யாரும் இன்னும் பாக்கலையே?"

"இல்லம்மா."

"அவனுக்கு அப்பா இருக்காரா இல்லையான்னும் தெரியாதே?"

அவர் கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

"யாருன்னே தெரியாத ஒரு மாமனாரு சாகக்கூடாதுன்னு, கண்ணு முன்னாடி இருக்கற அப்பாவ விட்டுட்டு நான் போகணும். நல்லா இருக்குப்பா இந்த நியாயம்! மூலம்னே எழுதச் சொல்லுங்க. நானே நெத்தியில ஒட்டிக்கிட்டு நிக்கறேன்."

"நீ சொன்னா கேக்க மாட்டாங்கம்மா. இந்த வழக்குல நீ கட்சிக்காரி."

"நீங்க?"

"நானும்தான்."

மீதி இருந்தது இரண்டாவது வழி. இங்கேயும் அங்கேயும் பார்த்த ஒருவர். கலியாணசுந்தரத்துக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. அந்த நாளில் யார் ஊருக்குக் கப்பலேறினாலும் தெருக்காரர்கள் ஆளுக்கொரு சாமான் கொடுத்தனுப்புவது வழக்கம். அவரும் விட்டதில்லை. பிஸ்கட் டின், கம்பளி, குழந்தைக்குக் கவுன் துணி என்று கட்டி, மேலே வடகரம்பை விலாசம் எழுதிக் கொடுப்பார். வாங்கிப் போகிறவர்கள் வீடு தேடிப்போய்க் கொடுத்து, ஒரு வாய்க் காப்பி குடித்து, பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். துக்காங் எமாஸ் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த நாகூர் அப்துல் அஜீஸ் இரண்டு தடவை கொண்டுபோனார். குழந்தை இங்கே தவழ்ந்ததையும் பார்த்தவர், அங்கே பாவாடை கட்டி நின்றதையும் பார்த்தவர்.

கடையில் இப்போது அவருடைய தங்கை மகன் இப்ராஹீம் இருந்தார்.

"மாமாவா? மௌத்தாகி, அடக்கம் பண்ணி ரெண்டு வருஷமாச்சே, தெரியாதா ஒங்களுக்கு? வாங்க, உக்காருங்க." விஷயத்தைக் கேட்டுவிட்டு இப்ராஹீம் தொடையில் தட்டிக்கொண்டார். "அடடா. 'மீட்டர்காரரு மக என் தாடியப் புடிச்சு இழுத்துட்டா'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நான் வந்து சொல்லவா?"

"நீங்க பாத்தீங்களா தம்பி?"

"இல்ல. அவரு சொல்லிக் கேட்டதுதான்."

"அப்ப ஏத்துக்க மாட்டாங்க."

வேறு யாரிடம் கொடுத்தோம் என்று கலியாணசுந்தரம் நாள்கணக்காக யோசிக்கிறார். ஒன்பது பத்துப் பேராவது இருப்பார்கள். 1949-இல் ஒரு தச்சர். 1953-இல் தெங்கேராவிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி. அந்த வீட்டு மீட்டர் எண்கூட அவருக்கு ஞாபகமிருக்கிறது, பெயர் வரவில்லை. போய்ப் பார்த்தார். வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. ஒருவர் ஜொகூர் போனாராம், ஒருவர் தோட்டம் மாறினாராம். வேலை முடிந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு கிளம்புகிறார். திரும்பி வரும்போது சந்திரமதி வாசலில் நிற்கிறாள். இப்போதெல்லாம் அவள் எதுவும் கேட்பதில்லை. அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போகிறார்.

இரண்டு நாட்டு அரசாங்கம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சோதிடர், ஒரு தாய்மாமன், இல்லாத ஒரு மாமனார். இத்தனை பேரும் அவரவர் பக்கத்தில் சரியாகத்தான் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் நடுவில், எந்தத் தப்பும் செய்யாத ஒரே ஒருத்தி கப்பலேறப் போகிறாள்.

இதைப் படிக்கிறவர்களே, 1947-க்கும் 1959-க்கும் நடுவில் மலாக்காவிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியவர் நீங்களாக இருக்கலாம். உங்கள் தகப்பனாராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம். வடகரம்பையில் சிவகாமசுந்தரி என்ற பெண்ணிடம் ஒரு கட்டுச் சாமான் கொடுத்து, காஜா பேராங்கிலேயே பார்த்த அவள் குழந்தையை அங்கேயும் பார்த்தது நினைவிருக்கிறதா? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அப்படி ஒருவர் இருந்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். மீட்டர் கலியாணசுந்தரம், காஜா பேராங், மலாக்கா என்று எழுதினால் போதும், தபால்காரருக்குத் தெரியும். மார்ச் 31-க்குள் எழுதுங்கள்.