எலும்பு உட்காரும் சத்தம்

சிவகாசியில் டாக்டர் என் மணிக்கட்டை அழுத்தியதும் டக்கென்று சத்தம் வந்தது. அதே சத்தம்.

எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் வண்டியிலிருந்து விழுந்து அந்தக் கை பிசகியது. தினமும் விடியுமுன் அய்யா விளக்கெண்ணெய் தடவி, கையை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கித் திருகுவார். நான் அலறினால் வாயில் துண்டைத் திணிப்பார். சத்தம் வந்தால்தான் விடுவார்.

“எலும்பு உக்காந்திருச்சுலே. போய்க் குச்சி அடுக்கு.”

பக்கத்து வீட்டு அத்தை சிரிப்பாள். “என்னண்ணே, மகன் கையிலயே வெடி போடுதீக!”

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். “எலும்புக்கு நடுவுல இடைவெளி தெரியுதா? சேர்த்துப் பிடிக்கிற நார் அறுந்திருக்கு. சத்தம் வர்றப்பல்லாம் எலும்பு விலகுது. அன்னைக்கே அசைக்காம மாவுக்கட்டு போட்டிருந்தா சேர்ந்திருக்கும். இனி ஆபரேஷன்தான்.”

கூட வந்திருந்த அய்யா எழுந்தார். “சத்தம் கேட்டுச்சுல்ல? உக்காந்திருச்சு. ஆபீஸ் வண்டி போயிரும், கெளம்புலே.”

நானும் எழுந்துவிட்டேன்.