மஞ்சள் பூசாத முகம்

போன வருஷம் கார்த்திகை மாசம். மழை விட்டும் விடாமலும் இருந்த நேரம். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் ஆரம்பித்தது இது. அதற்கு முன்னால் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் விஷயம் புரியும்.

கவரப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி எங்க கிராமம். சொந்த நிலம், நெல்லு. வீட்டுக்காரர் போன பிறகும் நிலத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். யார் வாசலிலும் போய் நின்றது கிடையாது. மகன் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான், போனால் நாலைந்து நாள் கழித்துத்தான் வீட்டைப் பார்ப்பான். மருமகளுக்கு சிப்காட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை. தலைக்குத் தொப்பி, கைக்கு உறை எல்லாம் போட்டுக்கொண்டு லைனில் நிற்க வேண்டும். காலையில் கம்பெனி வேன் வருவதற்கு முன்னாலேயே ரோட்டில் போய் நிற்பாள். வேலை மேல் அவ்வளவு பிரியம் அவளுக்கு.

கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் அவள் முகத்தில் பரு வந்தது. நெற்றியில் பொறிப்பொறியாக வந்து, கன்னத்துக்கு இறங்கி, தாடையில் சீழ் கட்டிப் பழுத்தது. காலையில் எழுந்தால் தலைகாணி உறை முகத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். வாயில் போடுகிற பொருள் செய்கிற இடம் இல்லையா, சீழ் பிடித்த முகத்தோடு லைனில் நிற்கக் கூடாதாம். சூப்பர்வைசர் கூப்பிட்டு, பொங்கலுக்குள் ஆறவில்லை என்றால் லைனில் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காண்ட்ராக்ட் ஆளை லைனிலிருந்து எடுத்தால் அதோடு வேலையும் போச்சு என்று அர்த்தம்.

தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த ட்யூப் மருந்தெல்லாம் போட்டுப் பார்த்தாள். நிற்கவில்லை. அப்போதுதான் வேனில் வருகிற யாரோ, கும்மிடிப்பூண்டியில் ஒரு அம்மா சீன வைத்தியம் பார்க்கிறாங்க, ஊசி குத்துவாங்க என்று சொல்லியிருக்கிறார்கள். சரி, தனியாக அனுப்பக் கூடாது என்று நானும் கூடப் போனேன்.

அந்தம்மாவுக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். முறையாகப் படித்தவர், சுவரில் சர்ட்டிபிகேட் மாட்டியிருந்தது. மருமகளின் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரலை வைத்து ரொம்ப நேரம் நாடி பார்த்தார். அப்புறம் நாக்கை நீட்டச் சொன்னார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"காலைல நாக்கு வழிச்சியா?"

"வழிச்சேன் மேடம்."

"டீ குடிச்சியா? மூஞ்சில இன்னாது, மஞ்சளா?"

"கஸ்தூரி மஞ்சள் மேடம். பருவுக்கு நல்லதுன்னு தெனமும் பூசுறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "வெளிய போற பொம்பள பல்லு வெளக்காம, மூஞ்சி கழுவாம வருவாளா? நல்லா இருக்குதும்மா உன் வைத்தியம்," என்றேன்.

அவர் சிரித்தார். "நீங்க நாக்க வழிச்சிட்டு வந்தது, நான் படிக்க வேண்டிய காயிதத்தக் கிழிச்சிப் போட்டுட்டு வந்தா மாதிரிம்மா. நாக்கு மேல படியற மாவ வச்சிதான் உள்ள இன்னா நடக்குதுன்னு சீன வைத்தியத்துல பாப்போம். அடுத்த தடவ எழுந்த வாக்குல வாங்க. வழிக்கக் கூடாது, எதுவும் பூசக் கூடாது."

பரு எப்படி வருகிறது என்றும் பொறுமையாகச் சொன்னார். சீன வைத்தியத்தில் இதைத் தோல் வியாதி என்று தனியாகப் பார்ப்பதில்லையாம். நுரையீரலில் சூடு ஏறினால் நெற்றியிலும் கன்னத்திலும் பொறிப்பொறியாக வருமாம். வயிற்றில் சூடும் ஈரமும் சேர்ந்து தேங்கினால் வாயைச் சுற்றியும் தாடையிலும் சீழாகப் பழுக்குமாம். தீட்டு வருவதற்கு முன்னால் அதிகமானால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கிடக்கிறது என்று கணக்காம்.

"இத்தத்தான் நாங்க ஒடம்புச் சூடுன்றோம். இதச் சொல்ல சீனாவுலேர்ந்து ஆள் வரணுமா?" என்றேன்.

"யாரும் வரலியேம்மா. நான் பொன்னேரிக்காரி."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அந்தம்மாவைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

தலைமுடி கனத்தில் ஊசி. முழங்கை மடிப்பில் ஒன்று, முட்டிக்குக் கீழே ஒன்று. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குத்துவதற்கு முன்னால், "முழுகாம இருக்கியா? இருந்தா இந்த எடத்துல குத்த மாட்டேன்," என்று கேட்டுக்கொண்டுதான் குத்தினார். பஜ்ஜி, கருவாடு வேண்டாம், பச்சைப்பயறு வேகவைத்த தண்ணியைக் குடி என்றார். கம்பெனியில் மலிவாகக் கொடுக்கிற உடைந்த பிஸ்கட்டை மருமகள் கிலோ கணக்கில் தின்பாள், அதையும் நிறுத்தச் சொன்னார். மூன்று மாசமாவது ஆகும், தோல் டாக்டரையும் விடாதே என்று சொல்லி அனுப்பினார்.

மூன்று மாசம் என்றதும் மருமகள் முகம் வாடியது. பொங்கல் அதற்கு முன்னாலேயே வந்துவிடுமே.

அடுத்த வாரமும் வேலை விட்டு வருகிற வழியில் ஒரு தடவை போய்க் குத்திக்கொண்டு வந்தாள். அப்புறம் ஷிப்டு மாறிவிட்டது என்று போகவில்லை. ஆனால் மார்கழி பிறப்பதற்குள் பரு அடங்கத் தொடங்கியது. சீழ் வற்றி, சிவப்பு குறைந்து, முகம் வழவழவென்று ஆனது. பச்சைப்பயறு தண்ணிதான் கேட்கிறது என்று அக்கம்பக்கத்தில் நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். சூப்பர்வைசரும் பரவாயில்லையே என்றாராம்.

அதே சமயத்தில் அவளுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. தாளிக்கிற வாசனை வந்தாலே வாந்தி. வேலையிலிருந்து வந்ததும் சுருண்டு படுத்துக்கொள்வாள். நாளும் தள்ளிப்போயிருந்தது. ஒரு வீட்டில் மருமகள் இப்படி இருந்தால் என்ன நினைப்பார்கள்? பக்கத்து வீட்டுக்காரி தட்டில் மாங்காய் நறுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மகனுக்குப் போன் போட்டோம். அவன் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு, நிஜமாவா என்று இரண்டு தடவை கேட்டான்.

மருமகள் மருந்துக் கடையில் கர்ப்பம் பார்க்கிற கார்டு வாங்கிப் பார்த்திருக்கிறாள். "ஒத்தக் கோடுதான் அத்த வந்துச்சு," என்றாள்.

"சீக்கிரமா பாத்தா அப்டித்தான் காட்டும். இன்னும் நாளு போவட்டும்டி," என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். மருமகளும் அதைத்தான் நம்ப ஆசைப்பட்டாள். எங்க பக்கத்தில் மூன்று மாசம் தாண்டுகிறவரைக்கும் வெளியே சொல்ல மாட்டோம், ஆஸ்பத்திரிக்கும் அவசரப்பட்டுப் போக மாட்டோம். முகம் மினுக்கென்று மஞ்சளாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது, தினமும் பூசுகிற மஞ்சள் இப்போதுதான் பிடிக்கிறது என்று எல்லாருமே நினைத்தோம்.

ஊசி குத்துகிற அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், தெரியாமல் கையில் குத்திவிடப் போகிறார் என்று ஒரு நாள் விடிந்ததும் கிளம்பினோம். இந்தத் தடவை அவர் சொன்னபடியே, பல் விளக்காமல், நாக்கு வழிக்காமல், மஞ்சள் பூசாமல். பஸ்ஸில் யாரும் பார்க்கிறார்களா என்று எனக்குக் கூச்சம். மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள்.

நான் சந்தோஷமாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தம்மா மருமகளின் நாக்கைப் பார்த்தார். மஞ்சளாக, பிசுக்குப் பிடித்த மாதிரி கனமாகப் படிந்திருந்தது. உடனே அவளை எழுப்பி ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போய், கீழ் இமையை இழுத்து வெயிலில் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளை முழி எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. கண்ணுக்குள் யாரும் மஞ்சள் பூசுவதில்லையே.

"ஒண்ணுக்கு இன்னா கலர்ல போவுது?"

"டிகாஷன் மாதிரி மேடம். தண்ணி கம்மியா குடிக்கிறேன்னு நெனச்சேன்."

"ஒடம்பு அரிக்குதா? வேற இன்னா மருந்து சாப்புடுற? மறைக்காத."

மருமகள் என்னைப் பார்த்தாள். அப்புறம் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். பச்சை இலை படம், எனக்குத் தெரியாத எழுத்து. வேனில் கூட வருகிற தோழி ஒருத்தி, ஆந்திரா எல்லையைத் தாண்டி ஒரு ஊர்க்காரி. அவளுக்கும் பரு. அவள் போனில் பார்த்து வரவழைத்த மாத்திரை. 'இதுவும் சைனா மருந்துதான்க்கா, ஊசி குத்திக்கினு எத்தினி மாசம் இருப்ப' என்று பாதிப் பெட்டியைக் கொடுத்திருக்கிறாள். அந்த மாத்திரைதான் முகத்தை ஆற்றியது.

அந்தம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல இன்னா இருக்குன்னு எனக்கும் தெரியாது. இன்னிக்கு ஊசி கெடையாது. ஈரல் கெட்டுக்கினு இருக்குது, இது நான் பாக்குற வேல இல்ல," என்றார். வெளியே காத்திருந்தவர்களை நாளைக்கு வரச் சொன்னார். அறையைப் பூட்டினார். தெரிந்த கார்க்காரரைக் கூப்பிட்டு, எங்களோடு தானும் ஏறிக்கொண்டார். நான் கேட்கவில்லை, அவரே ஏறினார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டாக்டர் கண்ணைப் பார்த்ததும் அவசரமாக ரத்தம் எடுக்கச் சொன்னார். நீங்க யாரு என்று அந்தம்மாவைக் கேட்டார். அக்குபங்சர் பார்க்கிறவள் என்று சொல்லி, மாத்திரை அட்டையை நீட்டினார். அவ்வளவுதான், டாக்டருக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"ஒரு பருவுக்கு ஒரு பொண்ண சாவடிக்கப் பாத்திருக்கீங்க. உங்கள மாதிரி ஆளுங்களாலதான் இங்க பெட்டே கெடைக்கல. போலீஸுக்குத்தான் சொல்லணும்."

அத்தனை பேர் முன்னால். அந்தம்மா 'நான் கொடுக்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எத்தனை நாளாகச் சாப்பிட்டாள், ஒரு நாளைக்கு எத்தனை, வாந்தி எப்போது தொடங்கியது என்று காரில் கேட்டு வைத்திருந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். நான்தான் குறுக்கே போய், "ஐயா, அவங்க குடுக்கல," என்றேன். என் கையைப் பிடித்து அழுத்தினார்.

மருமகளை உள்ளே கொண்டுபோன பிறகு, ஏம்மா சும்மா நின்னே என்று கேட்டேன்.

"அவரு கோவத்துலதாம்மா ஓடி ஓடிப் பாக்குறாரு. நான் நியாயம் பேசிக்கினு நின்னா, அந்த நேரம் உங்க மருமக நேரம்."

உள்ளே போகும்போது மருமகள் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை, "அத்த, அவளும் அதே மாத்திரதான் சாப்புடுறா." அப்புறம் இரண்டு நாள் அவள் யாரையும் அடையாளம் தெரியாமல் உளறிக்கொண்டு கிடந்தாள்.

அன்றைக்கே தோழிக்குப் போன் போட்டோம். அவள் அம்மா எடுத்தாள். உடம்பு சரியில்லை என்று பெண் ஊருக்கு வந்துவிட்டாளாம். எல்லைப் பக்கம் பழகிய தெலுங்கு எனக்கு வரும். காமாலையா என்று கேட்டேன், ஆமாம் என்றாள். பக்கத்து ஊரில் பச்சிலை கொடுக்கிறார்கள், உப்பில்லாமல் பத்தியம் இருக்கிறாள், இங்கிலீஷ் மருந்து சேரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றாள். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், எல்லா ஊரிலும் காமாலைக்கு அப்படித்தானே செய்கிறோம். இது அந்தக் காமாலை இல்லையம்மா, மாத்திரையால் வந்தது, இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு என்று கத்தினேன். ஊசி குத்துகிற அம்மாவும் போனை வாங்கித் தனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னார். "ரேப்பு சூஸ்தாம்," என்றாள், நாளைக்குப் பார்க்கிறோம் என்று. மறுநாள் எத்தனை தடவை அடித்தும் போனை எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் வேன்காரர் மூலமாகத் தெரிந்தது, அந்தப் பெண் போய்விட்டாள்.

மருமகளுக்கு நினைவு தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அவ எப்டி இருக்கா?" ஊரில் இருக்கிறாள் என்றேன். பொய் இல்லை, ஊரில்தான் புதைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள், பொழுது சாய்கிறவரை.

குழந்தையும் இல்லை. இருந்ததே இல்லை. வாந்தியும் நாள் தள்ளினதும் ஈரல் கெட்டதால்தானாம். மகன் லாரியை விட்டுவிட்டு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தான். மாத்திரையை நிறுத்தியதும் பரு முன்னைவிடக் கோரமாகத் திரும்பி வந்தது. பிஸ்கட் கம்பெனியில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். இப்போது ஆஸ்பத்திரித் தோல் டாக்டர் ஈரலுக்குக் கெடுதல் இல்லாத மருந்தாகப் பார்த்துக் கொடுக்கிறார். மெதுவாகத்தான் ஆறும் என்கிறார்.

மருமகளுக்கு நடக்கத் தெம்பு வந்ததும் அந்தத் தோழி வீட்டுக்குப் போனோம். அவள்தான் பிடிவாதமாகப் போகணும் என்றாள். ஓட்டு வீடு, வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அந்தத் தாய் எங்களைத் திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, சீழும் தழும்புமாக இருந்த கன்னத்தை உள்ளங்கையால் தடவினாள். "என் பொண்ணு போம்போது அவ மூஞ்சி எவ்ளோ சுத்தமா இருந்துச்சு தெரியுமா," என்று தெலுங்கில் சொன்னாள். ஒரு பரு இல்லையாம். குளிப்பாட்டினவர்களெல்லாம் அதைத்தான் சொன்னார்களாம்.

இப்போதும் கல்யாணம் காட்சிக்குப் போனால் யாராவது மருமகள் முகத்தைப் பார்த்து, இன்னும் ஆறலையா என்று கேட்கிறார்கள். ஆறலைதான், ஆனா எழுந்து வந்து உங்க எதிர்ல நிக்கிறா பாருங்க என்று சொல்லும்போது, வலை காய்ந்த அந்த வாசல் என் கண்ணை விட்டுப் போவதில்லை.